ஓட்டியவர் உள்ளே, கட்டியவர் வெளியே: நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் சாதனையாளர்களைப் போற்ற, சார்லட் நகரில் உங்கள் கூடம் 2010 மே மாதம் திறந்தபோது முதலில் உள்ளே வந்தவர்கள் ரிச்சர்ட் பெட்டி, டேல் எர்ன்ஹார்ட், ஜூனியர் ஜான்சன், பில் ஃபிரான்ஸ், அவர் மகன் பில் ஃபிரான்ஸ் ஜூனியர். ஐந்து பெயரிலும் யாரும் குறை சொல்ல முடியாது. 2020 வரை ஆண்டுக்கு ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தீர்கள். 2021 முதல் அது மூன்றாகிவிட்டது. நவீன காலப் பட்டியலில் இருக்கும் பத்துப் பேரில் இருவர், 60 ஆண்டுகளுக்கு முன்பே களத்தில் இறங்கிய முன்னோடிகள் ஐவரில் ஒருவர். இந்த மூன்று இடங்களுக்காக ஓட்டுநர், அணி உரிமையாளர், மெக்கானிக், எஞ்சின் கட்டுபவர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கையில் வெற்றிக் கணக்கு இருப்பவருக்கு ஓட்டு விழுவது எளிது. ஸ்பானரோடு நின்றவருக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது.

2025 வரையிலான உங்கள் பட்டியலை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். நாஸ்காரின் முதன்மையான கப் தொடருக்கு முன்னோடியாக இருந்த ஸ்டிரிக்ட்லி ஸ்டாக் தொடரின் முதல் சாம்பியன், 1949-ல், ரெட் பைரன். அவருடைய உரிமையாளர் ரேமண்ட் பார்க்ஸ். பார்க்ஸை 2017-லும் பைரனை 2018-லும் சேர்த்துக்கொண்டீர்கள். பைரன் ஓட்டிய ஓல்ட்ஸ்மொபீல் காரைத் தயார் செய்த அட்லாண்டா மெக்கானிக் ரெட் வோக்ட் உள்ளே இல்லை. 1947 டிசம்பரில் டேடோனா பீச் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் கூடிய கூட்டத்தில் நாஸ்கார் என்ற பெயரையே முன்மொழிந்தவர் அவர்தான். உங்கள் வாசல் பலகையில் அவர் கொடுத்த பெயர் இருக்கிறது, அவர் பெயர் எங்கும் இல்லை.

ஹெர்ப் தாமஸ் 2013-ல் வந்தார், ஃபயர்பால் ராபர்ட்ஸ் 2014-ல் வந்தார். தாமஸ் 1951, 1953 பட்டங்களை வென்ற ஹட்சன் ஹார்னெட், ராபர்ட்ஸ் 1962 டேடோனா 500-ஐ வென்ற பான்டியாக், அதற்கு முந்தைய ஆண்டு மார்வின் பான்ச் அதே பந்தயத்தை வென்ற கார், எல்லாமே ஸ்மோக்கி யூனிக் என்ற மெக்கானிக்கின் கைப்பட்டவை. யூனிக் வெளியே. பாபி ஐசக் 2016-ல் வந்தார், ரிக் ஹெண்ட்ரிக் 2017-ல் வந்தார். ஐசக்குக்கு 1970 பட்டத்தை வாங்கிக் கொடுத்தவர் ஹாரி ஹைட். 1984-ல் ஹெண்ட்ரிக் புதிதாகத் தொடங்கிய அணி, மார்ட்டின்ஸ்வில்லில் ஜெஃப் போடைன் மூலம் முதல் வெற்றி பெற்றபோது அணியின் தலைமை மெக்கானிக்கான க்ரூ சீஃபும் இதே ஹைட்தான். ஹைட் வெளியே. டேவிட் பியர்சனின் 1968, 1969 பட்டங்களுக்கும் எர்ன்ஹார்டின் முதல் வெற்றிக்கும் (பிரிஸ்டல், 1979 ஏப்ரல் 1) பின்னால் நின்ற க்ரூ சீஃப் ஜேக் எல்டர். அவரும் வெளியே.

டேல் இன்மன், லெனார்ட் வுட், மாரிஸ் பெட்டி, ராபர்ட் யேட்ஸ், ரே எவர்ன்ஹாம், வாடெல் வில்சன், கிர்க் ஷெல்மர்டைன், சாட் கானஸ் ஆகிய க்ரூ சீஃப், எஞ்சின்காரர்களைச் சேர்த்ததை நாங்கள் மறக்கவில்லை. நல்ல தேர்வுகள். ஆனால் ஆண்டுக்கு மூன்று இடம் என்ற கணக்கில் இந்த வேகம் போதாது. 1950-களிலும் 60-களிலும் வேலை செய்தவர்களை நேரில் பார்த்துச் சாட்சி சொல்லக் கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

யூனிக்கைப் பற்றி எழுந்துகொண்டே இருக்கும் ஆட்சேபம் எங்களுக்குத் தெரியும். விதியை வளைத்தவர், ஃபிரான்ஸ் குடும்பத்தோடு சண்டை போட்டு 1970-ல் நாஸ்காரை விட்டே போனவர் என்பார்கள். அவர் விதியை வளைத்த விதத்தைச் சற்றுப் பாருங்கள். பெட்ரோல் டேங்குக்கு அளவு வைத்தார்கள், பெட்ரோல் குழாய்க்கு வைக்கவில்லை. அவர் இரண்டு அங்குலக் குழாயை 11 அடி நீளத்துக்கு ஓட்டி, அதற்குள்ளேயே கூடுதல் பெட்ரோலை அடக்கினார் என்பது இன்றும் பேசப்படும் கதை. விதிப் புத்தகத்தில் எழுதாமல் விட்டதை எல்லாம் அவர் செய்துகாட்டினார், அடுத்த பதிப்பில் நீங்கள் அதை எழுதிச் சேர்த்தீர்கள். தொழில்நுட்பப் பரிசோதனை இன்று இவ்வளவு துல்லியமாக இருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. அதே யூனிக் 1960-களிலேயே பழைய டயரையும் பலகையையும் கொண்டு கார் மோதினால் தாங்கும் சுவர் கட்டலாம் என்று சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாராயம் காய்ச்சிய வழக்கில் சிறைக்குப் போய்வந்த ஜூனியர் ஜான்சனை முதல் வரிசையிலேயே உட்கார வைத்த குழு நீங்கள். அது சரியான முடிவுதான். அந்தப் பெருந்தன்மை யூனிக்குக்கு மட்டும் ஏன் இல்லை?

பாஞ்சோ மாத்யூஸ் விஷயம் இன்னும் வியப்பானது. வட கரோலினாவில் ஆர்டன் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்தார். 1974 முதல் 1985 வரை நடந்த 362 கப் பந்தயங்களில் 262-ஐ அவர் பட்டறையில் கட்டிய கார்கள் வென்றன. 1978-ல் நடந்த 30 பந்தயங்களையும் ஒன்று விடாமல் அவருடைய கார்களே வென்றன. எந்த ஓட்டுநரின் கணக்கும் இதன் அருகில் வராது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முதலாவதாக வந்தவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் கார் விற்றவர் அவர். வெற்றி மேடையில் கோப்பை ஓட்டுநருக்குப் போகும், காசோலை உரிமையாளருக்குப் போகும். காரின் எலும்புக்கூடான சேஸியை வெல்டு செய்தவர் பெயரைப் பதிவேட்டில் எழுத ஒரு கட்டமே இல்லை.

க்ரூ சீஃப் என்ன செய்கிறார் என்பதைக் கூடத்துக்கு வரும் குழந்தைக்குக் காட்ட ஒரே ஒரு போல்ட் போதும். பின் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு திருகு இருக்கும், பின் கண்ணாடி வழியாக நீளமான ராட்செட்டை விட்டுத் திருப்புவார்கள். இடது பின் திருகை இறுக்கினால் அந்த மூலையின் ஸ்பிரிங் அழுந்தும். இடது பின் சக்கரத்தின் மேல் பாரம் கூடும், குறுக்காக எதிரே இருக்கும் வலது முன் சக்கரத்திலும் கூடும். மற்ற இரண்டு மூலைகளிலும் குறையும். காரின் மொத்த எடை மாறாது, நான்கு சக்கரங்களும் அதைப் பங்குபோட்டுக்கொள்ளும் விதம்தான் மாறும். இதற்குத்தான் வெட்ஜ் என்று பெயர். 3,400 பவுண்டு காரில் இந்த இரண்டு மூலைகளில் சேர்ந்து 1,700 பவுண்டு இருந்தால் குறுக்கு எடை 50 சதவீதம். அதைக் கூட்டினால் இடப்பக்கம் திரும்பும்போது முன்பக்கம் வழுக்கி வெளிச்சுவரை நோக்கிப் போகும், ஓட்டுநர் கார் டைட்டாக இருக்கிறது என்பார். குறைத்தால் பின்பக்கம் வெளியே பிய்த்துக்கொள்ளும், லூஸ் என்பார். அரைச் சுற்று போதும், பந்தயத்தின் போக்கே மாறிவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வெயில் ஏறித் தளம் சூடானாலும் பிடிமானம் மாறும், டயர் தேய்ந்தாலும் மாறும், பெட்ரோல் குறைந்து பின்பக்கம் லேசானாலும் மாறும். ஓட்டுநர் வளைவின் நுழைவில் டைட் என்கிறாரா, நடுவிலா, வெளியேறும்போதா என்பதைப் பிரித்துக் கேட்கத் தெரியாவிட்டால் தவறான மூலையைத் திருகி நிலைமையை மோசமாக்குவார்கள். எல்டர், ஹைட் காலத்தில் கணினியும் இல்லை, சிமுலேஷனும் இல்லை. டயரின் உள்ளோரம், நடு, வெளியோரம் மூன்று இடத்திலும் ஊசி குத்திச் சூடு பார்ப்பார்கள், ஓட்டுநர் சொல்வதைக் கேட்பார்கள், அவ்வளவுதான். அதை வைத்து பியர்சனுக்கு இரண்டு பட்டமும் ஐசக்குக்கு ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி, கணக்கே எழுத முடியாத இரண்டு பெயர்கள். ஜிம்மி பார்டூ, பில்லி வேட்.

1964-ல் கார்களின் வேகம் டயரின் சக்தியைத் தாண்டிவிட்டது. செங்குத்தாகச் சாய்ந்த வளைவில் 170 மைல் வேகத்தில் வலது முன் டயர் வெடித்தால் கார் நேராகச் சுவரில் போய் மோதும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் பயன் இல்லை. இதற்கு ஒரு தீர்வு காண குட்இயர் சோதனைகள் நடத்தியது. 1964 செப்டம்பர் 22 அன்று சார்லட்டில் டயர் சோதனையின்போது டயர் வெடித்து பார்டூ இறந்தார். அப்போது அவர் பட்டப் போட்டியின் முன்வரிசையில் இருந்தார். பருவத்தின் மிச்சப் பந்தயங்களில் ஓடாமலே அந்த ஆண்டு ஐந்தாவதாக முடித்தார். 1965 ஜனவரி 5 அன்று டேடோனாவில் இன்னர் லைனர் சோதனையில் வேட் இறந்தார். முந்தைய கோடையில்தான் தொடர்ச்சியாக நான்கு பந்தயங்களை வென்றிருந்தார். பார்வையாளர் இல்லை, பரிசு இல்லை. காலி மைதானத்தில், டயர் எப்போது தாங்காமல் போகிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே சுற்றிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்.

அந்தச் சோதனைகளில் இருந்து வந்தது டயருக்குள் இன்னொரு டயர், அதாவது இன்னர் லைனர். ஒரே ரிம்மில் உள்ளே சிறிய டயர் ஒன்று, அதற்குத் தனி வால்வு. வெளி டயரை விட உள்ளே பிரஷர் கூடுதலாக வைப்பார்கள். வெளி டயர் கிழிந்து காற்று முழுவதும் போனாலும், கார் உள் டயரின் மேல் இறங்கி நிற்கும். ஓட்டுநர் ஓரம் கட்டி, டயர் மாற்றும் இடமான பிட்டுக்கு வந்துவிடலாம். இதிலும் கோளாறு உண்டு. உள் டயரின் காற்று மெல்லக் கசிந்து வெளி டயருக்குள் போனால் இரண்டும் சமமாகிவிடும். வெளி டயரின் பிரஷர் ஏறும், உயரம் மாறும், அதுவரை நன்றாக ஓடிய கார் காரணமே தெரியாமல் அதிரத் தொடங்கும். பிட்டில் ஒவ்வொரு டயருக்கும் இரண்டு வால்விலும் அளவு பார்த்துச் சாக்பீஸால் எழுதி வைத்த டயர்காரரின் பொறுமைதான் இதற்கு மருந்து. பெரிய ஓவல் (நீள்வட்ட) தடங்களில் இந்த லைனர் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது. 2022-ல் 18 அங்குல வீல் வந்தபோதுதான் விடைபெற்றது. இடைப்பட்ட காலத்தில் டயர் வெடித்தும் நடந்து வெளியே வந்த ஒவ்வொரு ஓட்டுநரும் இந்த இருவருக்கும் கடன்பட்டவர். உங்கள் கூடத்தில் குறுக்கே அறுத்த டயர் ஒன்றை வையுங்கள். இரண்டு அடுக்கும் கண்ணுக்குத் தெரியட்டும். பக்கத்தில் இரண்டு பெயர்களையும் எழுதுங்கள்.

பிட் ரோட்டுக்கு வருவோம். பிட் ஸ்டாப் என்றால் எத்தனை விநாடி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 2018-க்கு முன் பிட் சுவரைத் தாண்டிக் குதித்து வேலை செய்தவர்கள் ஆறு பேர், பிறகு ஐந்து. 2022-ல் ஒற்றை நட் வரும் வரை ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து நட். நான்கு சக்கரத்துக்கும் 20 கழற்றி 20 பூட்ட வேண்டும், இரண்டு சேஞ்சர்கள் பாதிப் பாதியாகச் செய்வார்கள். நட்டுகளை முன்பே வீலில் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். இந்தப் பசையில்தான் எத்தனையோ பந்தயங்கள் போயிருக்கின்றன. குறைவாக வைத்தால் வீலைத் தாங்கும் மரையாணியான ஸ்டட்டில் அதைத் தள்ளும்போதே நட் உதிர்ந்து உருளும். அதிகமாக வைத்தால் ஏர் கன் பிடித்ததும் நட் நேராகத் திரும்பாமல் சாய்ந்து மரையைக் கடித்துக்கொள்ளும். அப்புறம் அதைப் பிடுங்க வேண்டியதுதான், ஒரு சுற்று (லேப்) போய்விடும். ஜாக்மேன் சுமார் 20 பவுண்டு அலுமினிய ஜாக்கைத் தூக்கிக்கொண்டு காரின் மூக்கைச் சுற்றி வலப்பக்கம் ஓடுவார். ஓடும் காருக்கு முன்னால் ஓடுகிறார் என்பதை மறக்க வேண்டாம். பெட்ரோல் ஊற்றுபவர் தோளில் 11 கேலன் கேன், நிறைந்திருக்கும்போது சுமார் 80 பவுண்டு. அதைச் சரியான கோணத்தில் சாய்த்துச் செருகாவிட்டால் வால்வு முழுதாகத் திறக்காது. நேரம் போகும், பெட்ரோல் போகாது. கடைசி லேப்பில் தான் தெரியும்.

இவர்களில் ஒருவர் மைக் ரிச். பில் எலியட்டின் காருக்குப் பின் டயர் சேஞ்சர். 1990 நவம்பர் 18, அட்லாண்டா. அந்த நாளில் பிட் ரோட்டில் வேகக் கட்டுப்பாடே கிடையாது. பந்தய வேகத்திலேயே உள்ளே வந்து, தன் பிட்டுக்கு முன்னால் பிரேக் மிதிப்பார்கள். பின்னால் வந்த கார் ஒன்று சுழன்று, வலப்பக்கம் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்த ரிச் மேல் மோதியது. அவர் பிழைக்கவில்லை. 1991-ல் சில விதிகளைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்ட பிறகு, பிட் ரோடு வேகக் கட்டுப்பாடு நிலைத்தது.

இன்று அது இயல்பாகிவிட்டது. கப் காரில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. எந்தக் கியரில் எஞ்சின் சுற்று (ஆர்பிஎம்) எத்தனை வைத்தால் அனுமதித்த வேகம் வரும் என்று கியர் விகிதத்தையும் டயர் சுற்றளவையும் வைத்து அணி கணக்குப் போடுகிறது. எல்லாரையும் மெதுவாக அழைத்துச் செல்லும் பேஸ் காரின் பின்னால் போகும்போது ஓட்டுநர் அதைச் சரிபார்த்துக்கொள்கிறார். பிட் ரோட்டைக் கோடுகளாகப் பிரித்து, ஒரு கோட்டில் இருந்து அடுத்ததைக் கடக்க எடுத்த நேரத்தைக் கொண்டு வேகத்தை அளக்கிறார்கள். மீறினால் தண்டனை. இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று புதிய ரசிகரைக் கேட்டால் தெரியாது. பிட் ஸ்டாப் பகுதியில் மைக் ரிச்சின் பெயர் முதலில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அவருக்குப் பிறகு மண்டியிட்டு நட் பூட்டிய ஒவ்வொருவரும் வீட்டுக்குத் திரும்பியதில் அவருக்குப் பங்கு இருக்கிறது.

பாதுகாப்பில் இன்னொரு பாக்கி. எஃகும் நுரையும் கொண்ட சேஃபர் சுவரை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர் டீன் சிக்கிங்குக்கு 2025-ல், பந்தயத்துக்குப் பங்களித்தவர்களுக்கான லேண்ட்மார்க் விருது கொடுத்தீர்கள். மிகச் சரி. அதே தராசில் பாப் ஹப்பர்டையும் ஜிம் டவுனிங்கையும் வையுங்கள். ஹப்பர்ட் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர், டவுனிங் பந்தய ஓட்டுநர், இருவரும் மைத்துனர்கள். 1980-களிலேயே ஹான்ஸ் கருவியைச் செய்துவிட்டார்கள். கார் சுவரில் மோதி நிற்கும்போது பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்கிறது, ஹெல்மெட்டோடு தலை மட்டும் முன்னால் பாய்கிறது, மண்டையோட்டின் அடி எலும்பு முறிகிறது. தோளில் பெல்ட்டுக்கு அடியில் உட்காரும் கழுத்துப்பட்டையில் இருந்து ஹெல்மெட்டுக்கு இரண்டு வார் கட்டினால் அந்த இழுவையைக் கழுத்துக்குப் பதில் தோள் வாங்கிக்கொள்ளும். இவ்வளவுதான் தத்துவம். பெல்ட் அந்தப் பட்டையின் மேல் சரியாகப் படியாவிட்டால் மட்டும் பயன் குறையும். ஓட்டுநர்கள் தொந்தரவு என்று ஒதுக்கினார்கள். ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் 2000-ல் மோதி இறந்தார்கள். எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரியில் போனார். அந்த அக்டோபரில்தான் தலை, கழுத்துக் காப்பு கட்டாயம் ஆனது. ஹப்பர்ட் இப்போது இல்லை. டவுனிங்கையும் அவரையும் சேர்த்தே அழையுங்கள்.

தனியாளாக அணி நடத்திய ஓட்டுநர்களுக்கும் உங்கள் வெற்றிக் கணக்கு நியாயம் செய்யாது. ஜே.டி. மெக்டஃபி 653 பந்தயங்களில் ஓடினார், ஒன்றிலும் வெல்லவில்லை. பெரிய அணிகள் கழித்த டயரும் பழைய எஞ்சினுமாக வாராவாரம் வந்து நின்றவர்கள் இல்லையென்றால் 70-களில் பல ஊர்களில் களமே நிறைந்திருக்காது. 1991 ஆகஸ்ட் 11 அன்று வாட்கின்ஸ் க்ளென்னில் மெக்டஃபி இறந்தார். அடுத்த ஆண்டே அந்த நேர்ப்பாதையின் முடிவில் வேகத்தைக் குறைக்கும் வளைவுகள் அமைத்தார்கள். டேவ் மார்சிஸ் 883 பந்தயங்கள், ஐந்து வெற்றி. கார் கட்டுவதில் இருந்து ஓட்டுவது வரை தானே பார்த்தார். இவர்களுக்கு எத்தனை வெற்றி என்று கேட்காமல், எத்தனை ஆண்டு களத்தை நிரப்பினார்கள் என்று கேட்கும் ஒரு பட்டியல் வேண்டும்.

கடைசியாக ஸ்கோரர்கள். இதில் காத்திருக்க நேரமில்லை. சுற்றைத் தானாகவே பதிவு செய்யும் டிரான்ஸ்பாண்டர் கருவி வருவதற்கு முன் ஒவ்வொரு காருக்கும் ஒருவர், பெரும்பாலும் ஓட்டுநரின் மனைவியோ உறவினரோ, உயரமான மேடையில் உட்கார்ந்து, தன் கார் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் பெரிய கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தாளில் எழுதுவார். 500 லேப் என்றால் 500 வரி. நடுவில் எழுந்து போக முடியாது. கார் பிட்டுக்குள் நிற்கும்போதோ, பத்துக் கார்கள் கொத்தாகக் கடக்கும்போதோ ஒரு வரி விட்டுப்போனால், முடிவு வந்த பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேட வேண்டும். 1959-ல் முதல் டேடோனா 500-ன் வெற்றியாளர் லீ பெட்டியா ஜானி போஷாம்பா என்று முடிவு செய்ய மூன்று நாள் ஆனது. 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் வெண்டல் ஸ்காட் வென்ற பந்தயத்தில் கொடியும் கோப்பையும் பக் பேக்கருக்குப் போயின. ஸ்காட் இரண்டு லேப் முன்னால் இருந்தார் என்பதை மறு கணக்கில் ஒப்புக்கொண்டார்கள். பந்தயம் எவ்வளவு தூரம் மனிதக் கண்ணையும் பென்சிலையும் நம்பி இருந்தது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

அந்தத் தாள்களை எழுதியவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் மூலத் தாள்களும் இருக்கலாம். இந்த ஆண்டே ஒருவரை அனுப்பி அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், தாள்களை நகலெடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு விதியை மாற்றக் கூட்டம் கூட்ட வேண்டும், வாக்கெடுப்பு வேண்டும். இதற்கு ஒரு ரெக்கார்டரும் ஸ்கேனரும் போதும்.

விதி மாற்றம் என்று நாங்கள் கேட்பது இரண்டுதான். இப்போதுள்ள மூன்று இடங்களைத் தொடாமல், மெக்கானிக், சேஸி கட்டுபவர், எஞ்சின்காரர், க்ரூ சீஃப், பிட் குழுவினர் ஆகியோருக்கு என்று நான்காவதாக ஒரு இடம் வையுங்கள். முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பெயர் தேட வேண்டியதில்லை: வோக்ட், யூனிக், மாத்யூஸ், ஹைட், எல்டர். அடுத்து, கூடத்துக்குள் கார்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் க்ளோரி ரோடு சரிவில் நிற்கும் ஒவ்வொரு காரின் பலகையிலும் ஓட்டுநர் பெயருக்குக் கீழே சேஸி கட்டியவர், எஞ்சின் கட்டியவர், க்ரூ சீஃப், அந்த நாளில் சுவர் தாண்டியவர்கள் என்று நான்கு வரிகள் சேருங்கள். எந்த வரிக்குப் பெயர் தெரியவில்லையோ அதை வெற்றிடமாகவே விடுங்கள். பார்க்க வருபவர்களில் யாராவது ஒருவர் அது தன் அப்பா என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்பவர் எழுதிக் கொடுக்க அருகில் ஒரு நோட்டும் வையுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட காலமாக ஸ்டாக் கார் பந்தயம் பார்த்துவரும் ரசிகர்கள்